டிரைவரைத் தவிர ஓர் உயிர்

"அப்பா, வருது" என்றாள் திலீலா.

"இன்னும் கொஞ்ச தூரம்தான் கண்ணு. அடக்கிக்கோ."

"வந்துக்கிட்டே இருக்குப்பா."

திஸ்னித் ஊரைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் தென்பட்டது. இத்தர் தன் நீண்ட லாரியை ஒரு கோழிக்குஞ்சைக் கூட்டில் விடுவதுபோல உள்ளே திருப்பி நிறுத்தினான். ஈஜா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நாலு வயதுத் திலீலாவை இழுத்துக்கொண்டு பங்கின் பின்பக்கம் ஓடினாள்.

இத்தர் லாரி ஓட்ட வந்து மூன்று வாரம் ஆகிறது. அதற்கு முன்னால் இனெஸ்கான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முடிவெட்டிக்கொண்டிருந்தான். முதலாளி கடையை விற்று, அந்த இடத்தில் செல்போன் கடை வந்தபோது அவன் கலங்கவில்லை. கலங்குகிற சுபாவமே அவனுக்குக் கிடையாது.

"மனுஷன் தலையையே சொன்னபடி திருப்ப வச்சவன் நான். லாரியைத் திருப்பறது என்ன பெரிய விஷயம்?" என்றான் ஈஜாவிடம். கனரக லைசென்ஸ் வாங்கினான். ஆயித் மெல்லூலில் ஒரு மீன் கம்பெனியில் வேலையும் வாங்கினான். குளிர்சாதன லாரியைத் தெற்கே தான்தான் என்ற ஊரின் துறைமுகத்துக்குக் காலியாக ஓட்டிப்போய், மத்தி மீன் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும்.

லாரி அவன் சொன்னபடி திரும்பியது. வீடுதான் திரும்ப மறுத்தது. கைக்குழந்தை யூபா அவனைக் கண்டாலே, யாரோ ஊசி போட வந்தவன் என்பதுபோல வீறிட்டான். அக்கம்பக்கத்தார் "உங்கப்பா எங்கே?" என்று கேட்டால் திலீலா அம்மாவின் செல்போனை எடுத்துக் காட்டினாள். "இதுக்குள்ள இருக்கார். சார்ஜ் தீர்ந்தா தூங்கிடுவார்."

இந்த நிலைமையில் ஈஜாவின் தங்கைக்குத் தான்தானில் பிள்ளை பிறந்தது. ஏழாம் நாள் பெயர் வைக்கும் விருந்து. பஸ்ஸில் எல்லோரையும் கூட்டிப்போவதாக இத்தர் மீசைமேல் சத்தியம் செய்திருந்தான். அதே நாளைக்குக் கம்பெனி அவனுக்கு லோடு போட்டது.

"நீங்க எந்த ஊருக்குப் போறீங்க?" என்றாள் ஈஜா.

"தான்தானுக்கு."

"என் தங்கச்சி எந்த ஊர்ல இருக்கா?"

"வேணாம் ஈஜா. டிரைவரைத் தவிர ஓர் உயிர் கேபின்ல இருக்கக் கூடாதுங்கறது கம்பெனி ரூல். அதுவும் எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகலை. இன்ஸ்பெக்டர் கண்ணுல பட்டா அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவான்."

"அனுப்பட்டும். அப்படியாவது வீட்டுக்கு வாங்க."

அதற்குமேல் பேச்சு இல்லை. காலையில் கம்பெனி வாசலைத் தாண்டிய முதல் திருப்பத்தில் குடும்பம் ஏறிக்கொண்டது.

இப்போது பங்கில் ஈஜா பிள்ளைகளோடு திரும்பி வந்து, இருக்கைகளுக்குப் பின்னால் டிரைவர் படுத்துக்கொள்ளும், திரை வைத்த பலகையில் யூபாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். இத்தர் டீ வாங்கப் போனான். திரும்பி வந்து பார்த்தால், லாரியின் கதவருகே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார்.

ஐம்பது வயது இருக்கும். அடர்ந்த மீசை. கம்பெனி பேர் போட்ட ஆரஞ்சு நிற மேல்சட்டை. லாரியை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பிலேயே இத்தருக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. மற்ற டிரைவர்கள் முதல் நாளே எச்சரித்திருந்தார்கள்: 'தலைமை ஆபீஸ்லேர்ந்து ஆள் வருவான். நான்தான் இன்ஸ்பெக்டர்னு சொல்லமாட்டான். புது டிரைவர் வண்டியில ஏறிக்கிட்டு சும்மா பேசிக்கிட்டே வருவான். சும்மா பேசற ஆளைக் கண்டா உஷாரா இரு.'

"தான்தானுக்குத்தானே?" என்றார் அந்த ஆள்.

"தான்தானுக்குத்தான்" என்றான் இத்தர். பிறகு கேபினுக்குள் கேட்கும்படி தொண்டையைத் திறந்தான். "சாருக்கு ஆபீஸா? ஆபீஸ்லேர்ந்து வரீங்களா சார்?"

உள்ளே திரை சர்ரென்று மூடிக்கொண்டது.

அந்த ஆள் இத்தரைப் பார்த்தார். ஆடிக்கொண்டிருந்த திரையைப் பார்த்தார். "ஆமா, ஆபீஸ்லேர்ந்துதான் வரேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

லாரி கிளம்பியது. இத்தருக்குப் பயம் என்று சொல்ல முடியாது. நாற்காலியில் உட்கார்ந்த கலெக்டரையே கழுத்தில் கத்தி வைத்துப் பேச்சுக் கொடுத்து மயக்கியவன் அவன். ஓர் இன்ஸ்பெக்டர் எம்மாத்திரம்?

ஊர் தாண்டியதும் யூபா சிணுங்கினான்.

இத்தர் உடனே உச்சஸ்தாயியில் ஒரு கல்யாணப் பாட்டை எடுத்துவிட்டான். சிணுங்கல் நின்றது.

"நல்லாப் பாடறீங்க" என்றார் அந்த ஆள்.

"பாடினாத்தான் சார் எனக்குத் தூக்கம் வராது."

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. பாட்டு நின்றால் யூபா அழுதான். பாடினால் அடங்கினான். வீட்டில் அப்பாவைக் கண்டாலே அலறுகிற பிள்ளைக்கு அப்பாவின் குரல் இவ்வளவு பிடிக்கும் என்பது இத்தருக்கு அன்றுதான் தெரிந்தது. கல்யாணப் பாட்டுகள் தீர்ந்தன. அறுவடைப் பாட்டுகள் தீர்ந்தன. மலைச்சாலை ஏறும்போது அவன் தன் பழைய கடையின் விலைப்பட்டியலை ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தான். "முடி மட்டும் வெட்டினால்... ஆ... தாடியும் சேர்த்து எடுத்தால்..."

"புதுப் பாட்டா?" என்றார் அந்த ஆள்.

"எங்க ஊர்ப் பாட்டு சார். ரொம்பப் பழசு."

அந்த ஆள் குனிந்து, மீட்டர்களுக்குக் கீழே எங்கேயோ கையை விட்டு ஒரு குமிழைத் திருகினார். திரைக்குப் பின்னால் குளிர்ந்த காற்று வீசும் சத்தம் கேட்டது. அப்படி ஒரு குமிழ் இருப்பதே இத்தருக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் என்றால் சும்மாவா!

"வெயில் ஏறுது. பின்னாடி கொஞ்சம் காத்து போகட்டும்" என்றார்.

"பின்னாடி யாருமே இல்லையே சார்!"

"இருக்காங்கன்னு நான் சொன்னேனா?"

இத்தர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெல்லப் பாகாகச் சிரித்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து, காற்றைவிட மெல்லிய குரல் ஒன்று வந்தது. "மறுபடி வருது."

இத்தர் பெரிதாக இருமினான்.

"ஓரமா நிறுத்துங்க" என்றார் அந்த ஆள். "எனக்குக் கால் மரத்துப்போச்சு. அந்தப் பாறை வரைக்கும் நடந்துட்டு வரேன். கால் மணி நேரம் ஆகும். கூடவும் ஆகலாம். போனா நான் திரும்பித் திரும்பிப் பார்க்கிற ஆள் கிடையாது."

எவ்வளவு நயமான பொறி! நிறுத்தினால் வழியில் நேரத்தை வீணாக்கினான் என்றாகும். குடும்பத்தை இறக்கினால் பாறைக்குப் பின்னாலிருந்து பார்த்துவிடுவான். இத்தர் இதற்கெல்லாம் மசிகிறவனா?

"மன்னிக்கணும் சார். ஏத்துற இடம் போய்ச் சேர்ற வரைக்கும் என் சக்கரம் நிக்காது. கம்பெனி நேரம் வேற, என் உயிர் வேறன்னு நான் நினைக்கிறதில்லை."

இருக்கையின் முதுகில் பின்னாலிருந்து ஓர் உதை விழுந்தது. ஈஜாவின் குதிகால் என்பது அவனுக்கு உடனே தெரிந்தது.

"ரோடு சரியில்லை சார்" என்றான்.

ரோடு கண்ணாடிபோல இருந்தது.

கெல்மீம் ஊர் வந்ததும் அவர் கேட்கவில்லை, கட்டளையே போட்டார். "அந்தக் கடைகிட்ட நிறுத்துங்க. எனக்குப் பசிக்குது."

நிறுத்தியாக வேண்டியிருந்தது. அவர் இறங்கிக் கடைக்குள் போனார். தூங்கிவிட்ட யூபாவைப் பலகையில் விட்டுவிட்டு ஈஜா மறுபக்கக் கதவு வழியாகக் குதித்து, திலீலாவை இரண்டு குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே கொண்டுபோய் வேலையை முடித்து, மூச்சு வாங்கத் திரும்பினாள்.

"அந்தாளு வர்றதுக்குள்ள நாங்க இங்கயே இறங்கி பஸ்ஸைப் பிடிக்கிறோம்ங்க."

"பிள்ளையையும் மூட்டையையும் தூக்கிக்கிட்டு நீ நடுரோட்டுல நின்னா கண்ணுல படாதா? உள்ள ஏறு. எல்லாம் என் கையில இருக்கு. பார்த்தேல்ல, இவ்வளவு நேரமும் அந்தாளு முதுகைத்தான் காட்டிக்கிட்டு நிக்கறான். அதிர்ஷ்டம் நம்ம பக்கம்."

உண்மைதான். அந்த ஆள் வாங்கிய பையைக் கையில் பிடித்தபடி, கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சுவரில் ஒன்றுமே இல்லை. கேபின் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினார்.

பையில் நாலு தயிர்க் கிண்ணங்கள் இருந்தன. சில்லென்று, ஸ்ட்ராபெரி வாசனையோடு. ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டார்.

"நீங்க ஒண்ணு சாப்பிடுங்க. மிச்சத்தைப் பின்னாடி வச்சிடுங்க."

மிச்சத்தைப் பின்னாடி! இத்தர் மனசுக்குள் சிரித்துக்கொண்டான். "மிச்சமே இருக்காது சார். தயிர்னா எனக்கு உசிரு." ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முதல் கிண்ணத்தை முடித்தான். இரண்டாவதையும் முடித்தான். மூன்றாவதை வாயில் கவிழ்க்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து தெளிவாகக் கேட்டது.

"அப்பா, எனக்கு?"

இத்தர் அதே கீச்சுக்குரலில், "அப்பா எனக்கு... தப்பா எனக்கு..." என்று பாட ஆரம்பித்தான். "இதுவும் எங்க ஊர்ப் பாட்டுதான் சார்."

"உங்க ஊர்ல எல்லாத்துக்கும் பாட்டு இருக்கும் போல" என்று அந்த ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை இத்தர் கவனிக்கவில்லை. அவனுக்கு வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது.

அடுத்தது போலீஸ் சோதனைச் சாவடி. தயிர் செய்த வேலையில் இத்தர் பிரேக்கைக் கொஞ்சம் பலமாக மிதித்துவிட்டான். திரைக்கு அடியிலிருந்து நீலக் காகிதம் சுற்றிய கூம்புச் சர்க்கரைக் கட்டி ஒன்று உருண்டு வந்து, அந்த ஆளின் காலடியில் நின்றது. விருந்து வீட்டுக்கு ஈஜா எடுத்துவந்த சீர்.

"இது?" என்றார் அந்த ஆள்.

"டீக்கு சார்."

"ஒரு ஆளுக்கா?"

"நான் கொஞ்சம் இனிப்பாக் குடிப்பேன்."

போலீஸ்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார். "எத்தனை பேர்?"

"ரெண்டே பேர்" என்றான் இத்தர்.

திரைக்குப் பின்னால் திலீலா தும்மினாள். குட்டியான, பளிச்சென்ற தும்மல். போலீஸ்காரரின் புருவம் ஏறியது. அதற்குள் அந்த ஆள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "ஹச்" என்று இன்னொரு தும்மல் போட்டார்.

"எனக்குச் சளி" என்றார் போலீஸ்காரரிடம். "காலையிலேர்ந்து ரெண்டு ரெண்டாத்தான் வருது."

சாவடி தாண்டியது. இத்தருக்கு இப்போதுதான் முதல்முறையாகப் பயம் வந்தது. போலீஸிடம் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறான் என்றால், தானே பிடிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறான். எலியோடு விளையாடும் பூனை. இனி சின்னச் சின்னச் சமாளிப்புகள் செல்லாது. சந்தேகத்தின் வேரையே வெட்ட வேண்டும்.

சந்தர்ப்பம் தானாக வந்தது.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார் அந்த ஆள். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "புதுசா இந்த வேலைக்கு வந்தா வீடுதான் முதல்ல அடி வாங்கும். அதான் கேட்டேன்."

"வீடா? எனக்கு ஏது சார் வீடு?" என்றான் இத்தர். "கல்யாணமே ஆகலை."

திரை அசைவதை நிறுத்தியது.

"ஆகலையா?"

"பொண்ணே பார்க்கலை சார்." இத்தருக்கு உற்சாகம் வந்துவிட்டது. முடிவெட்டும்போது வருமே, அதே பேச்சோட்டம். "எனக்குப் பொம்பளைங்கன்னாலே ஒரு மாதிரி அலர்ஜி. பக்கத்துல வந்தாலே உடம்பெல்லாம் தடிச்சுப்போகும். எங்கம்மா ஒருத்தியைப் பார்த்து வச்சாங்க. நானா? ஓடியே போயிட்டேன். வாயாடின்னா அப்படி ஒரு வாயாடி. அவ சுடற ரொட்டியை லாரி சக்கரத்துக்கு அண்டை கொடுக்கலாம். அவளைக் கட்டினவன் பாவம், இந்நேரம் எங்கே கிடந்து..."

திரை கிழிகிற வேகத்தில் திறந்தது.

"அண்டையா கொடுக்கலாம்?" என்றாள் ஈஜா.

இத்தர் லாரியைச் சாலையோர மண்ணில் இறக்கி நிறுத்தினான். அந்த நிலைமையிலும் அழகாகத்தான் நிறுத்தினான்.

"யோவ், அலர்ஜியா உனக்கு? ரெண்டு பிள்ளையும் எங்கேருந்துய்யா வந்துச்சு, மத்தி மீனோட வலையில வந்துச்சா? காலையில என் ரொட்டியை அஞ்சு தின்னியே, தடிச்சுதா உடம்பு?"

"ஈஜா, சார் இருக்கார்..."

"சாரும் கேட்கட்டும்!" அவள் முகம் வெந்து சிவந்திருந்தது. முக்காடு அவிழ்ந்து தோளில் கிடந்தது. "அண்ணே, உங்களுக்கும் வீடு வாசல் இருக்கும்ல? இந்த மனுஷனை வேலையை விட்டு அனுப்பறதுன்னா அனுப்பிக்குங்க. ஆனா ஒண்ணு கேளுங்க. இவர் மாதிரி லாரியை நோகாம ஓட்டறவர் உங்க கம்பெனியில எத்தனை பேர் இருக்காங்க? தயிர்க் கிண்ணத்தைக் கையில வச்சுக்கிட்டு ஓட்டியும் என் பிள்ளை தூக்கம் கலையலை. நாங்க ஊர் சுத்த ஏறலைண்ணே. என் மக அவங்கப்பா செல்போனுக்குள்ள குடியிருக்கறதா நினைச்சுக்கிட்டிருக்கா. இல்லை, அவர் நிஜ ஆளு, அவருக்குக் காலும் இருக்குன்னு காட்டத்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். அது குத்தம்னா அந்தக் குத்தம் என்னோடது."

திலீலா அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். காலி தயிர்க் கிண்ணங்களைக் கண்டதும் அவள் உதடு பிதுங்கியது.

"மூணையும் தின்னுட்டார்" என்றாள் அந்த ஆளிடம்.

இத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தான். போவது போய்விட்டது. இனி எதற்கு நடிப்பு? "சார், இவ என் பொண்டாட்டி. இவ சுடற மாதிரி ரொட்டி இந்த நாட்டிலேயே யாரும் சுட முடியாது. இதுங்க என் பிள்ளைங்க. உள்ளது உள்ளபடி ஆபீஸ்ல சொல்லிக்குங்க. எனக்குக் கத்திரி பிடிக்கவும் தெரியும்."

அந்த ஆள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மீசைக்குக் கீழே என்ன நடந்தது என்று தெரியவில்லை.

"குழந்தைக்கு வேர்க்குது" என்றார். "நீங்க பிள்ளைங்களோட முன்னாடி வந்து உட்காருங்க தங்கச்சி."

சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, இருக்கையைத் தாண்டிப் பின்னால் ஏறினார். பலகையில் எந்தப் பக்கம் தலை வைத்தால் வெயில் படாது என்று யாரும் சொல்லாமலே அந்தப் பக்கம் படுத்தார். திரையை இழுத்து மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

"என்னங்க இது?" என்றாள் ஈஜா கிசுகிசுப்பாக.

"தூக்கத்துலயே தீர்ப்பு எழுதுவான் போல."

வேலை போனது நிச்சயம் என்று ஆனபிறகு, அந்தக் கடைசித் தூரம் இத்தர் ஓட்டியதிலேயே இனிமையான ஓட்டமாக இருந்தது. இரண்டு பக்கமும் வெறும் பொட்டல், தூரத்தில் ஒட்டகங்கள், ஜன்னலில் கடல் காற்று. திலீலா ஹாரனை அடித்துப் பார்த்தாள். "இது உங்க லாரியாப்பா?" என்று கேட்டாள். "இன்னைக்கு என் லாரிதான் கண்ணு" என்றான். யூபா அம்மா மடியிலிருந்து அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தான். அழவில்லை. இத்தர் விலைப்பட்டியலை மறுபடி ஒரு தடவை பாடினான், கேட்கிறவர்கள் விருப்பத்துக்காக.

தான்தான் ஊருக்குள் தங்கை வீட்டு வாசலில் ஆட்டுக்கறி வாசனை தெருவரை வந்தது. ஈஜா சர்க்கரைக் கட்டியோடு இறங்கினாள். அந்த ஆளும் எழுந்து, யூபாவைப் பதமாக வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். இத்தரிடம் கை நீட்டினார்.

"என் பேர் ஹமாதி. மலை இறக்கத்துல ரெண்டாவது கியர் கொஞ்சம் அடம் பிடிக்கும். கோவிச்சுக்காம இன்னொரு தடவை போட்டுப் பாருங்க, விழுந்துடும்."

"நம்ம விஷயம் சார்..."

"பிள்ளைக்குத் தயிர் வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்துச் சந்தில் திரும்பி மறைந்தார்.

இத்தர் துறைமுகத்துக்கு ஓட்டினான். வழியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். இன்ஸ்பெக்டர் சொல்வதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிடுவது கௌரவம். கம்பெனிக் கிடங்கு வாசலில் காவலாளி மௌலூத் நாற்காலியில் உட்கார்ந்து மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தார். இத்தர் கதவைக்கூடத் திறக்காமல், ஜன்னல் வழியாகவே மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினான். பங்க், பாட்டு, தயிர், தும்மல், ரொட்டி, ஒன்றையும் விடவில்லை.

"உள்ள நல்லவிதமா ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. என்னை அனுப்பறதுன்னாலும் இந்த லோடையாவது ஏத்திட்டுப் போறேன். அந்த இன்ஸ்பெக்டர் போன் பண்ணிட்டாரா? பேரு ஹமாதின்னு சொன்னார்."

மௌலூத் முள்ளைக் கீழே வைத்தார். தெருவில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். எழுந்து வந்து, கேட்டை அகலமாகத் திறந்துவிட்டார்.

"வாயை மூடிக்கிட்டு உள்ள போய் மீனை ஏத்துப்பா. ஹமாதி இன்ஸ்பெக்டரும் இல்லை, ஒண்ணும் இல்லை. போன மாசம் வரைக்கும் இதே லாரியை ஓட்டினவன், கேபின்ல பொண்டாட்டி பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு வந்து மாட்டினான். அதனாலதான் உனக்கு இந்த வேலையே கிடைச்சுது."